சிறிய ஊசியின் சிறிய அசைவு
மின்சாரத்தையும் காந்தத்தையும் இணைத்துக் காட்டிய ஹான்ஸ் கிறிஸ்டியன் ஏர்ஸ்டெட்



எமது சபையின் ஆண்டு நிறைவு மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டார்கள். மிஷனரி ஒருவரைப் பற்றி எழுதுவேன் என்று அவர்கள் நினைத்திருக்கக்கூடும். நான் ஒரு பௌதிகவியல் பேராசிரியரைத் தெரிந்தெடுத்திருக்கிறேன். அதற்குக் காரணம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை. கிம்னாசியத்தில் படிக்கும் என் மகன் ஒரு நாள் மின்சாரப் பாடத்தை விரித்து வைத்துக்கொண்டு, வோல்ற்று, அம்பியர், ஓம் என்று இதெல்லாம் யாருக்கு உதவப் போகிறது என்று சலித்துக்கொண்டான். உங்கள் வீட்டிலும் இந்தச் சலிப்பைக் கேட்டிருப்பீர்கள். அன்று அவனுக்குச் சொன்ன கதையைத்தான் உங்களுக்கும் சொல்ல வருகிறேன்.

மாரி காலத்தில் ஆராதனை முடிந்து, தேநீரும் குடித்து வெளியே வரும்போது எமது அல்பர்ட்ஸ்லுண்டில் இருட்டி விட்டிருக்கும். பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவிளக்கின் வெளிச்சத்தில் நடக்கிறோம். இந்த ஊருக்கென 1963 ஆம் ஆண்டில் யென்ஸ் மொலர் யென்சன் என்பவர் வடிவமைத்த தெருவிளக்கு, இன்றும் அல்பர்ட்ஸ்லுண்ட் என்ற பெயரோடுதான் விற்பனையாகிறது என்பது உங்களில் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஹெர்ஸ்டெட் கைத்தொழில் பகுதியில் புதுவகை விளக்குகளை வீதியிலேயே நட்டுச் சோதித்துப் பார்க்கும் இடமும் உண்டு. வெளிச்சத்துக்குப் பெயர் போன ஊரில்தான் நாம் குடியிருக்கிறோம்.

ஆனால் நான் வெளிச்சத்தில் வளர்ந்தவள் அல்ல. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத வருடங்களில்தான் என் பாடசாலைக் காலம் கழிந்தது. ஜாம் போத்தலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, திரி போட்டு, அதன் முன்னால் இருந்து படித்தோம். பற்றரி கிடைக்காது. செய்தி கேட்பதற்கு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வானொலிக்குக் கம்பி இழுப்பார்கள். சுற்றுகிற பிள்ளைக்குக் கை உளைந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தேய்ந்து போகும். அப்போது பெரியவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் அந்தப் பிள்ளையைத் திரும்பிப் பார்ப்பார்கள். பல நாள் அந்தப் பிள்ளை நான்தான். சில்லு சுற்றினால் எப்படி மின்சாரம் வருகிறது என்று அன்று நான் யாரிடமும் கேட்கவில்லை. அதற்கான பதில் தொடங்கிய நாட்டுக்கே பிற்பாடு வந்து சேருவேன் என்றும் நினைத்திருக்கவில்லை.

தீவில் ஒரு மருந்துக்கடை

ஹான்ஸ் கிறிஸ்டியன் ஏர்ஸ்டெட் 1777 ஆகஸ்ட் 14 ஆம் திகதி லங்கலண்ட் தீவில் உள்ள ருட்கோபிங் என்ற சிறிய பட்டினத்தில் பிறந்தார். தகப்பன் மருந்துக்கடை வைத்திருந்தவர். பிள்ளைகள் நிறைந்த வீடு. பெற்றோருக்கு நேரம் இல்லாததால் மூத்தவர் ஹான்ஸ் கிறிஸ்டியனையும், ஒரு வயது இளைய தம்பி அனர்ஸையும் அயலில் இருந்த ஜெர்மானியரான சவரி முடி செய்பவர் வீட்டில் விட்டார்கள். அவருடைய மனைவி வாசிக்கப் பழக்கினார். அவர் தமக்குத் தெரிந்த ஜெர்மன் மொழியை வேதாகமத்தைக் கொண்டு சொல்லிக் கொடுத்தார். கணக்கில் அவருக்குக் கூட்டலும் கழித்தலும் மட்டுமே தெரியும். பெருக்கலையும் வகுத்தலையும் பிள்ளைகள் ஊரில் வேறு ஆட்களைத் தேடிப் போய்ப் படித்தார்கள். ஒருவர் கற்றதை மற்றவருக்குச் சொல்லிக் கொடுப்பது அண்ணன் தம்பியின் வழக்கம்.

பன்னிரண்டு வயதளவில் ஹான்ஸ் கிறிஸ்டியன் தகப்பனின் கடையில் கைவேலைக்கு நின்றார். மருந்தை நிறுப்பது, அரைப்பது, கலப்பது, சூடாக்குவது எல்லாம் அங்கே பழகியதுதான். மருந்து நிறுக்கும் கை ஒரு துளியையும் அலட்சியம் செய்யாது. தாதியாக வேலை செய்யும் எனக்கு அது நன்றாகவே தெரியும்.

1794 இல் இரு சகோதரர்களும் கொப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்துக்குப் போனார்கள். ஒரே விடுதி, ஒரே பணப்பை. தம்பி சட்டம் படித்து, பிற்காலத்தில் 1853 இல் நாட்டின் பிரதம மந்திரியாகவும் ஆனார். அண்ணன் 1797 இல் மருந்தாளர் பரீட்சையில் மிகச் சிறப்பாகத் தேறினார். 1799 இல் தத்துவஞானி கான்ட்டின் இயற்கைத் தத்துவத்தைப் பற்றி எழுதிக் கலாநிதிப் பட்டம் பெற்றார். இயற்கையில் நாம் காணும் பலவித சக்திகளும் அடியில் ஒன்றோடொன்று உறவுள்ளவை என்ற எண்ணம் அந்த நாட்களிலேயே அவர் மனதில் வேர்விட்டது.

ஒரு தலைகுனிவு

1801 இல் உபகாரச் சம்பளம் கிடைத்து ஐரோப்பா முழுவதும் பயணம் செய்தார். அப்போது அறிவியல் உலகம் ஒரு புதுப் பொருளைச் சுற்றிக் கூடியிருந்தது. இத்தாலியரான வோல்ற்றா 1800 இல் வெளிப்படுத்திய மின்னடுக்கு அது. இரு வேறு உலோகத் தகடுகளை மாறி மாறி அடுக்கி, இடையிடையே உப்புநீரில் தோய்த்த துணியை வைத்தால் இடைவிடாமல் மின்சாரம் தரும். இன்றைய பற்றரியின் பாட்டன் அதுதான்.

ஜெர்மனியில் ஏர்ஸ்டெட்டுக்கு ரிட்டர் என்ற ஆய்வாளர் நண்பரானார். ரிட்டர் மெய்யாகவே திறமைசாலி. ஆனால் கண்டதையும் கற்பனை செய்ததையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர். பூமிக்கு மின் துருவங்கள் உண்டு என்று அவர் சொன்னதை நம்பி, ஏர்ஸ்டெட் பாரிஸ் அறிஞர்கள் முன் அதற்காகப் பேசினார். செய்து காட்டும்படி கேட்டபோது அது சரிவரவில்லை. வெட்கத்தோடு திரும்ப வேண்டியதாயிற்று. நாடு திரும்பியதும் எதிர்பார்த்த பேராசிரியர் பதவியும் உடனே கிடைக்கவில்லை. பொது விரிவுரைகள் செய்து பெயர் எடுத்த பிறகு, 1806 இல்தான் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் இடம் கிடைத்தது. முழுப் பேராசிரியராக 1817 வரை காத்திருந்தார்.

வாசகரே, இந்தத் தலைகுனிவை மறந்து விடாதீர்கள். பதினேழு வருடங்களுக்குப் பிறகு அவர் நடந்துகொண்ட விதத்துக்கு அர்த்தம் இதில்தான் இருக்கிறது என்று நான் எண்ணுகிறேன்.

சேலைன் பையும் மின்சாரமும்

அவர் கண்டுபிடித்ததைச் சொல்வதற்கு முன், என் மகனைச் சலிக்க வைத்த அந்த மூன்று சொற்களையும் பார்த்துவிடுவோம். எனக்கு அவை விளங்கியது வகுப்பறையில் அல்ல, வைத்தியசாலை வார்டில்.

நோயாளிக்குச் சேலைன் ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். பை உயரத்தில் தொங்குகிறது. இன்னும் உயர்த்தினால் நீர் கூடிய வேகத்தில் இறங்கும். அந்த உயரம் தரும் தள்ளுதலைப் போன்றதுதான் மின்னழுத்தம். அதை வோல்ற்றில் அளக்கிறோம். ஒரு நிமிடத்தில் எத்தனை துளி விழுகிறது என்று நாங்கள் எண்ணுவோம். அந்த ஓட்டத்தைப் போன்றது மின்னோட்டம். ஒரு வினாடியில் எவ்வளவு மின்னேற்றம் கடந்து போகிறது என்பதே அது. அதன் அளவு அம்பியர். கையில் ஏற்றிய ஊசிக்குழாய் மெல்லியதாக இருந்தால், பையை எவ்வளவு உயர்த்தினாலும் நீர் மெதுவாகத்தான் போகும். அந்த மறிப்பே தடை. அதன் அளவு ஓம். மின்னழுத்தத்தைத் தடையால் வகுத்தால் மின்னோட்டம் வரும். நான் சுற்றிய சைக்கிள் டைனமோ சரியான வேகத்தில் 6 வோல்ற்று தரும் என்று வையுங்கள். 12 ஓம் தடையுள்ள விளக்கை மாட்டினால் அரை அம்பியர் ஓடும். 6ஐ அரையால் பெருக்கினால் 3 வாற்று. என் கை உளைந்தது அந்த 3 வாற்றுக்காகத்தான்.

இந்த உவமை ஓரிடத்தில் நொண்டும். சேலைன் ஒருவழிப் பயணம். மின்சாரமோ வட்டமாகப் போய்த் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்தாக வேண்டும். அதற்கு இரத்த ஓட்டமே பொருத்தமான உவமை. இருதயம் பற்றரி, நாளங்கள் கம்பி. எங்காவது ஓரிடத்தில் வட்டம் அறுந்தால் கம்பி முழுவதும் ஓட்டம் நின்றுவிடும். சுவரில் உள்ள சுவிட்ச் செய்வதெல்லாம் அந்த வட்டத்தை அறுப்பதும் சேர்ப்பதும்தான்.

இன்னும் ஒன்றை எந்தச் சேலைன் குழாயும் காட்டாது. குழாய்க்குள் நீர் ஓடினால் குழாய்க்கு வெளியே எதுவும் நடப்பதில்லை. கம்பிக்குள் மின்சாரம் ஓடும்போது கம்பிக்கு வெளியே என்ன நடக்கிறது? 1820 வரை அதற்கு ஒருவரும் சரியான பதில் காட்டியிருக்கவில்லை.

ஊசி அசைந்தது

மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் தொடர்பு இருக்குமா என்ற கேள்வி பழையது. இடி விழுந்த கப்பல்களில் திசைகாட்டி ஊசி தலைமாறிப் போனதை மாலுமிகள் கண்டிருக்கிறார்கள். ஏர்ஸ்டெட்டும் 1812 இல் எழுதிய நூலில், மின்சாரம் காந்தத்தின் மேல் ஏதாவது செய்கிறதா என்று சோதிக்க வேண்டும் என்று குறிப்பிட்டிருந்தார். ஆனால் எப்படிச் சோதிப்பது என்பது தெளிவாகவில்லை.

1820 வசந்த காலத்தில், மின்சாரமும் காந்தமும் பற்றி முன்னேறிய மாணவர்களுக்கு அவர் விரிவுரை செய்துகொண்டிருந்தார். மெல்லிய பிளாட்டினக் கம்பியில் பற்றரியின் மின்சாரத்தை விட்டு, கண்ணாடி மூடிய திசைகாட்டியின் மேலாக அதைப் பிடித்துப் பார்க்கலாம் என்று எண்ணியிருந்தார். விரிவுரைக்கு முன் செய்து பார்க்க நேரம் கிடைக்கவில்லை. விரிவுரையின் நடுவே, இது சரிவரும் என்ற எண்ணம் பலமாக வர, மாணவர்கள் முன்னாலேயே செய்தார். ஊசி அசைந்தது.

ஆனால் மிகச் சிறிய அசைவு. ஒழுங்கும் இல்லாதது போலத் தெரிந்தது. இருந்தவர்களில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று அவரே பிற்பாடு எழுதி வைத்திருக்கிறார். உலகத்தை மாற்றப் போகும் ஒன்றைக் கண்முன்னே பார்த்துவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போனார்கள்.

ஏர்ஸ்டெட்டும் அன்றிரவே ஊருக்கெல்லாம் அறிவிக்கவில்லை. பாரிஸில் பட்ட பாடு நினைவில் இருந்திருக்கும். ஏறக்குறைய மூன்று மாதம் பொறுத்தார். ஜூலையில் பெரிய பற்றரி ஒன்றை அமைத்து, அறிவும் மதிப்பும் உள்ளவர்களைச் சாட்சியாக வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். கம்பியை ஊசிக்கு மேலே பிடித்தால் ஊசி ஒரு பக்கம் திரும்பியது. கீழே பிடித்தால் எதிர்ப்பக்கம் திரும்பியது. மின்சாரம் பாயும் திசையை மாற்றினால் ஊசியும் மாறியது. இடையில் கண்ணாடி, மரம், உலோகம், நீர் எதை வைத்தாலும் தடைப்படவில்லை. பித்தளை ஊசியும் கண்ணாடி ஊசியும் அசையவே இல்லை. அப்படியானால் கம்பியைச் சுற்றி, கண்ணுக்குத் தெரியாமல், வட்டமாக ஒரு காந்தச் செயல் நடக்கிறது. இன்றைய பிள்ளைகள் இதை வலது கை விதியாகப் படிக்கிறார்கள். கம்பியை வலது கையால் பிடித்து, பெருவிரலை மின்னோட்டத்தின் திசையில் நீட்டினால், மற்ற விரல்கள் வளையும் திசையே காந்தப் புலத்தின் திசை.

1820 ஜூலை 21 ஆம் திகதி நான்கே பக்கத்தில், இலத்தீன் மொழியில் ஒரு சிறு அறிக்கையை அச்சிட்டு ஐரோப்பாவின் அறிஞர்களுக்கெல்லாம் அனுப்பினார். எல்லா நாட்டுப் படித்தவர்களுக்கும் பொதுவான மொழி அப்போது இலத்தீன். ஒளித்து வைக்கவும் இல்லை, உரிமை கொண்டாடவும் இல்லை. கையில் பற்றரியும் காந்த ஊசியும் உள்ள எவரும் ஒரு மணி நேரத்தில் தாங்களே செய்து பார்த்து உறுதிப்படுத்தக் கூடியதாக எழுதினார். அது தற்செயலாகக் கிடைத்த அதிர்ஷ்டம் என்று சிலர் சொன்னார்கள். எட்டு வருடத்துக்கு முன்பே கேள்வியை எழுதி வைத்த மனிதருக்கு வந்ததை அதிர்ஷ்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் பிள்ளைகளோடு இதை வீட்டில் செய்து பாருங்கள். ஒன்றரை வோல்ற்றுப் பற்றரி ஒன்று, ஒரு துண்டுக் கம்பி, கடையில் வாங்கும் சாதாரண திசைகாட்டி போதும். திசைகாட்டியின் ஊசி நிற்கும் அதே திசையில், அதற்கு மேலாகக் கம்பியைப் பிடித்து, முனைகளைப் பற்றரியில் இரண்டு மூன்று வினாடி மட்டும் தொட வையுங்கள். கூட நேரம் வைத்தால் கம்பி சுடும். சுவர் மின்சாரத்தை ஒருபோதும் இதற்குப் பயன்படுத்த வேண்டாம். இதைத் தாதியாகவும் தாயாகவும் சொல்கிறேன்.

அந்த அசைவு போன தூரம்

அந்த நான்கு பக்கத்தின் செய்தி செப்டெம்பரில் பாரிஸ் அறிவியல் கழகத்தில் காட்டப்பட்டது. ஒரு கிழமைக்குள் அம்பியர் என்ற பிரெஞ்சு அறிஞர், மின்சாரம் பாயும் இரு கம்பிகள் ஒன்றையொன்று இழுக்கவும் தள்ளவும் செய்யும் என்று காட்டத் தொடங்கிவிட்டார். ஊசியின் அசைவைக் கொண்டே மின்னோட்டத்தை அளக்கலாம் என்றும் கண்டுகொண்டார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு அளவுகோல் கிடைத்தது. ஜெர்மனியில் பாடசாலை ஆசிரியராக இருந்த ஓம், மின்சாரம் பாயும்போது காந்த ஊசி எவ்வளவு திரும்புகிறது என்று அளந்து அளந்துதான் 1827 இல் தம் விதியை நூலாக வெளியிட்டார். லண்டனில், கொல்லன் மகனாகப் பிறந்து புத்தகம் கட்டும் தொழில் பழகிய மைக்கேல் ஃபரடே கேள்வியைத் திருப்பிக் கேட்டார். மின்சாரம் காந்தத்தைத் தருமானால், காந்தம் மின்சாரத்தைத் தராதா? 1831 இல் பதில் கண்டார். கம்பிச் சுருளின் அருகே காந்தம் அசைந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கும். யாழ்ப்பாணத்தில் நான் சுற்றிய டைனமோவுக்குள் இருந்தது ஒரு காந்தமும் ஒரு சுருளும்தான். கடலோரக் காற்றாலைகளுக்குள்ளும் பெரிய அளவில் அதுவேதான்.

உங்கள் வீட்டு மின் பெட்டியைத் திறந்தால் ஹெச்பிஎஃப்ஐ ரிலே என்ற ஒன்று இருக்கும். வீட்டுக்குள் போகும் மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் அதனுள் ஒரே இரும்பு வளையத்தின் ஊடாகச் செல்கின்றன. இரண்டும் சமமாக இருந்தால் அவற்றின் காந்தப் புலங்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். யாராவது ஒருவரின் உடம்பினூடாகக் கொஞ்சம் நிலத்துக்குக் கசிந்தால் சமநிலை குலையும். கசிவு 30 மில்லி அம்பியரைத் தொடுவதற்குள் ரிலே வட்டத்தை அறுத்துவிடும். அதில் உள்ள சோதனைப் பொத்தானை இடைக்கிடை அழுத்திப் பாருங்கள். ஏர்ஸ்டெட் கண்ட அந்தச் சிறிய அசைவுதான் அங்கே உங்கள் பிள்ளைகளுக்குக் காவல் நிற்கிறது.

எனது வேலைக்கு வருகிறேன். நமது இருதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் முன் ஒரு சிறு மின் அலையை எழுப்புகிறது. தோலின் மேல் அது ஏறக்குறைய ஒரு மில்லி வோல்ற்று மட்டுமே. சுவரில் உள்ள 230 வோல்ற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்தரான ஐந்தோவன், பலமான காந்தத்தின் நடுவே மிக மெல்லிய இழையைத் தொங்கவிட்டு, இருதயத்தின் மின்சாரத்தை அதில் பாய விட்டு, இழை அசைவதைப் படமாகப் பதித்தார். அதுவே ஈசிஜி. ஏர்ஸ்டெட்டிடம் கம்பி நின்றது, ஊசி அசைந்தது. ஐந்தோவனிடம் காந்தம் நின்றது, இழை அசைந்தது.

நான் இங்கே தாதிப் படிப்பு முடித்து வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஓர் இரவுக் கடமையில் நெஞ்சுநோவோடு வந்த முதியவருக்கு ஈசிஜி எடுத்தேன். கோட்டில் ஓரிடத்தில் ஒரு மில்லிமீற்றரளவு உயர்வு. அவர் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார். தோலில் ஒட்டிய மின்வாய் சரியாகப் பிடிக்கவில்லை என்று எண்ணி, தாளைக் கோப்பில் வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகப் பார்த்தேன். மூத்த தாதி ஒருவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, மின்வாய்களை மாற்றிப் பத்து நிமிடத்தில் திரும்ப எடுக்கச் சொன்னார். திரும்பவும் அதே இடத்தில் அதே உயர்வு. வைத்தியரைக் கூப்பிட்டோம். அந்த இரவே அவருடைய இருதய நாளத்தின் அடைப்பை நீக்கினார்கள். அவர் நடந்து வீட்டுக்குப் போனார். நான் அந்தத் தாளைக் கோப்பில் வைத்துவிட்டுப் போயிருந்தால் என்ற எண்ணம் இத்தனை வருடத்துக்குப் பிறகும் சில இரவுகளில் வரும். அன்றைய விரிவுரையில் ஊசியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன மாணவர்களை என்னால் குறை சொல்ல முடியவில்லை. நானும் அவர்களில் ஒருத்தியாகவே இருந்திருப்பேன்.

ஆசிரியர், சொல்லாக்குபவர், நண்பர்

புகழ் வந்த பிறகு ஏர்ஸ்டெட் ஆய்வுகூடத்துக்குள் முடங்கவில்லை. 1824 இல் இயற்கை அறிவைப் பொதுமக்களிடம் பரப்புவதற்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார். 1825 இல் அலுமினியத்தை முதன்முதலாகச் சிறு கட்டியாகப் பிரித்தெடுத்தார். 1829 இல் கொப்பன்ஹேகனில் தொழில்நுட்பக் கல்லூரியை நிறுவுவதில் முன்னின்று, சாகும்வரை அதன் தலைவராக இருந்தார். இன்று லிங்பியில் உள்ள டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அதுவே. எமது பிள்ளைகளில் சிலரும் அங்கே படிக்கலாம். அதன் முதல் கல்லை வைத்தவர்களில் ஒருவர், வகுத்தல் கணக்குப் படிக்க ஊரில் ஆள் தேடிய பையன்தான்.

அறிவியலைத் தாய்மொழியில் சொல்ல வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். அதற்காகப் புதிய டேனிஷ் சொற்களை உருவாக்கினார். வார்டில் நாங்கள் நாளுக்கு எத்தனையோ தரம் சொல்லும் இல்ட் என்ற சொல், அதாவது ஒட்சிசன், அவர் நெருப்பு என்ற சொல்லிலிருந்து ஆக்கியது. ஐதரசனுக்குரிய பிரின்ட் என்பதும் அவருடையதே. டேனிஷ் மொழியோடு நான் மல்லுக்கட்டிய முதல் வருடங்களில் இந்தக் கதை தெரிந்திருந்தால், அந்தச் சொற்களைக் கொஞ்சம் அன்போடு படித்திருப்பேன். எமது பிள்ளைகளுக்கு மின்னோட்டம், தடை, காந்தப் புலம் என்று தமிழிலும் சொல்லிக் கொடுங்கள் என்று நான் கேட்பதற்கும் இது ஒரு காரணம்.

இன்னொரு ஹான்ஸ் கிறிஸ்டியனையும் நீங்கள் அறிவீர்கள். ஒடென்ஸயிலிருந்து 1819 இல், பதினான்கு வயதில், ஏழைப் பையனாகத் தலைநகருக்கு வந்த அண்டர்சன். ஏர்ஸ்டெட் தம் வீட்டுக் கதவை அவனுக்குத் திறந்தார். பிற்பாடு அவன் கிழமைதோறும் அவர் வீட்டில் சாப்பிடும் பிள்ளையானான். 1835 இல் அண்டர்சன் சிறுவர் கதைகளை வெளியிட்டபோது பலர் அதை மதிக்கவில்லை. நாவல் அவனுக்குப் பெயர் தரும், இந்தக் கதைகளோ அவனை அழியாதவனாக்கும் என்று சொன்னவர் ஏர்ஸ்டெட். சிறிய அசைவைக் கண்டுகொள்ளும் கண் அவருக்கு மனிதரிடத்திலும் இருந்தது.

விசுவாசமும் அறிவும்

ஏர்ஸ்டெட் கடவுள் நம்பிக்கை உள்ளவர். இயற்கையின் விதிகள் படைத்தவரின் ஞானத்திலிருந்து வருபவை என்றும், ஆகவே அவற்றை ஆராய்வதே ஒருவித பக்தி என்றும் அவர் கருதினார். இந்தக் கருத்துகளை வாழ்வின் கடைசியில், இயற்கையில் ஆவி என்ற பொருள்படும் தலைப்பில் நூலாக வெளியிட்டார். திருச்சபையில் எல்லோரும் அதை வரவேற்கவில்லை. நாம் பாடும் பல டேனிஷ் பாடல்களை எழுதிய குருண்ட்விக் இளமையிலேயே அவரோடு அச்சில் வாதாடினார். பேராயர் மின்ஸ்டரும் அந்த நூலுக்கு மறுப்பு எழுதினார். கடவுளையும் இயற்கையையும் அவர் மிக நெருக்கமாக வைக்கிறார் என்பது அவர்கள் கவலை. யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் இறையியல் படித்தவள் அல்ல. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அவருடைய நம்பிக்கை அவரைச் சோதித்துப் பார்ப்பதிலிருந்து தடுக்கவில்லை. எல்லாச் சக்திகளும் ஒருவரிடமிருந்தே வருகின்றன என்ற நம்பிக்கைதான் மற்றவர்கள் தேடாத இடத்தில் அவரைத் தேட வைத்தது. தேடிக் கண்டதும், நம்புங்கள் என்று சொல்லாமல் நீங்களே செய்து பாருங்கள் என்று எழுதினார்.

1850 நவம்பரில் அவருடைய ஐம்பது வருடப் பல்கலைக்கழகச் சேவையை நாடே கொண்டாடியது. பிரடரிக்ஸ்பெர்க் பூங்காவில் ஒரு வீடு அவருக்கு ஆயுள் முழுவதும் குடியிருக்கக் கொடுக்கப்பட்டது. வசந்தத்தில் குடிபோக இருந்தார். அதற்கு முன் சில நாள் சுகவீனத்தின் பின், 1851 மார்ச் 9 ஆம் திகதி, 73 வயதில் காலமானார். நொரபுரோவில் உள்ள அசிஸ்டென்ஸ் சேமக்காலையில் அடக்கம் செய்யப்பட்டார். பிற்பாடு அண்டர்சனும் அதே சேமக்காலைக்கு வந்து சேர்ந்தார்.

இன்னொரு செய்தியோடு முடிக்கிறேன். அந்த ஊசி அசைந்த 1820 இல், எமது தமிழ்நாட்டுக் கரையோரத்தில் உள்ள தரங்கம்பாடியும் டேனிஷ் அரசரின் கொடியின் கீழேதான் இருந்தது. சீகன்பால்கு 1706 இல் வந்து இறங்கிய அதே ஊர். அந்தக் காலத்தில் இங்கிருந்து அங்கே போனார்கள். இப்போது அங்கிருந்தும் ஈழத்திலிருந்தும் நாம் இங்கே வந்திருக்கிறோம். வந்த இடத்தின் நல்லவற்றை எமதாக்கிக்கொள்ள எமக்கும் உரிமை உண்டு.

அடுத்த சனிக்கிழமை பிள்ளைகளோடு எஸ் தொடருந்தில் ஏறி நொரபோர்ட்டில் இறங்குங்கள். சிறிது தூரம் நடந்தால் ஏர்ஸ்டெட் பூங்கா. அங்கே 1876 இல் வைத்த அவருடைய சிலை நிற்கிறது. போகும்போது ஒரு சிறிய திசைகாட்டியையும் பற்றரியையும் கம்பியையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். சிலையின் முன்னால் உட்கார்ந்து செய்து பாருங்கள். நானும் என் மகனும் போனோம். ஊசி கொஞ்சம்தான் அசைந்தது. அவன் கம்பியைக் கீழே வைத்துத் திரும்பவும் செய்தான். பிறகு கம்பியை ஊசிக்கு அடியில் பிடித்து இன்னொரு தரம் செய்தான். நான் நேரம் பார்க்காமல் காத்திருந்தேன்.



சபை அங்கத்தவர், தாதி
அல்பர்ட்ஸ்லுண்ட்